ரெண்டு தட்டில் திறக்கணும்

இசக்கித்தாய் கடைக்குள் நுழைந்து பையை ஆணியில் மாட்டுவதற்குள் அன்றைய முதல் கூப்பாடு வந்துவிடும்.

“ஏட்டி இசக்கி, இதத் தொறந்து குடுத்துட்டுப் போ.”

கூப்பிடுகிறவள் நூருல் ஹுதா. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் குருநாதன் அண்ணாச்சி நடத்துகிற டி.டி.பி. கடையில் தமிழ் டைப் அடிக்கிறாள். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். எதிரே நிற்கிற ஆளோடு பேசிக்கொண்டே, கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே, கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ எந்த மேட்டரையும் அடித்து முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, மேட்டர் அடிக்கிற எடிட்டர் என்ற மென்பொருளைத் திறக்க மட்டும் இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

இசக்கித்தாய் போய் நிற்பாள். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து அதில் ஆங்கிலத்தில் ஒரு நீள வரியை அடிப்பாள். எடிட்டர் வந்து நிற்கும். அதற்குள் டிசைன் மேசையிலிருந்து அருண்பாண்டியன் குரல் கொடுப்பான்.

“லினக்ஸ் அக்கா, இங்கனயும் ஒரு மந்திரம் சொல்லிட்டுப் போங்க.”

அவன் அவளுக்கு மூத்தவன். அந்த ‘அக்கா’ முழுக்கக் கேலிக்காகத்தான்.

இந்த நிலைமையைக் கடைக்குக் கொண்டுவந்தவள் அவளேதான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடைக் கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ எப்போதோ ஏற்றிவிட்டுப் போன, விலைக்கு வாங்காத ஒரு சிஸ்டத்தின் கள்ள நகல். வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவ் ஒன்றிலிருந்து வைரஸ் ஏறி, வைகாசி முகூர்த்தத்து மேட்டர் அத்தனையும் திறக்க முடியாமல் போனது. குருநாதன் அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் இசக்கித்தாய், “லினக்ஸ் போட்டுருவோம் அண்ணாச்சி. அது வேற சிஸ்டம், காசு கெடையாது, வைரஸும் லேசுல ஏறாது” என்றாள். போட்டும் கொடுத்தாள். எடிட்டரைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். ஹுதாவின் வீட்டில் இருப்பது கணவன் துபாயிலிருந்து அனுப்பிய லேப்டாப். அதில் ஓடுவது வேறு சிஸ்டம். இந்த எடிட்டர் இரண்டிலும் ஓடும். காலையில் வீட்டில் வைத்து அடிக்கிற மேட்டர், கடையில் எழுத்து சிதையாமல் அப்படியே வரும். அந்த வகையில் தேர்வு சரியானதுதான்.

ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற பொருளுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் சொந்த வீடு இல்லை. லேப்டாப்பில் அது தானாகப் பொருந்திக்கொண்டது. கடையில் அது ஒரு சுருக்கிய கோப்புறையாக வந்து இறங்கி, விரித்த இடத்திலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. மெனுவில் அதன் பெயர் கிடையாது. மேட்டர் கோப்பின் மேல் ரெண்டு தட்டுத் தட்டினால் சிஸ்டத்தோடு வந்த வேறொரு எடிட்டர் எழும்பி வரும். அதில் ஹுதாவுக்குப் பழக்கமான எழுத்தளவும் இல்லை, அமைப்புகளும் இல்லை. சரியான எடிட்டரைத் திறந்தாலும், கீழ்ப்பட்டையில் அதன் சொந்தப் படம் வராமல் பொதுவான ஒரு பல்சக்கரம்தான் வந்து நிற்கும். எது எடிட்டர், எது வேறு என்று தெரியாமல் ஆளாளுக்கு எதையாவது மூடிவைப்பார்கள். பிறகு கூப்பாடு.

இசக்கித்தாய்க்கு அந்தக் கூப்பாடு பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா செல்லச்சாமி மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுகிறவர். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டுச் சென்னையில் நாலைந்து இடங்களில் நேர்காணலுக்குப் போனாள். ஓர் இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், “நீங்க சொந்தமா என்ன செஞ்சிருக்கீங்க?” என்று தமிழிலேயே, தணிவாகத்தான் கேட்டாள். இசக்கித்தாய் கல்லூரி புராஜெக்டைச் சொன்னாள். அது சீனியர்களிடமிருந்து கை மாறிக் கை மாறி வந்தது. இரண்டாவது கேள்விக்கே அது வெளியில் வந்துவிட்டது. திரும்பி ஊருக்கு வரும் வழியெல்லாம் அவள் மனதில் அந்தப் பெண்ணின் மீது கோபம் இல்லை. கேள்வி நியாயமானது என்பதுதான் உறுத்தியது.

ஊரில் கேட்கிறவர்களிடம் சொல்ல அப்பாவுக்கும் ஒரு பதில் தேவைப்பட்டது.

“எம் மக என்ன வேல பாக்கான்னு கேக்காங்க. நான் என்ன சொல்ல?”

“கம்ப்யூட்டர்னு சொல்லுங்கப்பா.”

“கம்ப்யூட்டர்லயே என்னதுன்னுல்லா கேக்கான்.”

ஆனால் கடையில் அவளை ஆள்கள் தேடினார்கள். அவள் வந்தால்தான் வேலை நடந்தது. படித்த படிப்புக்கு அதுவே கொஞ்சம் போதும் போல இருந்தது.

பனவடலிசத்திரத்தில் மாமன் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று ஒருநாள் லீவு போட்டாள். பந்தியில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. சங்கரன்கோவிலில் கரண்ட் போய்த் திரும்பி வந்திருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரும் அணைந்து மறுபடி எழும்பியிருக்கின்றன. எடிட்டரை யாராலும் திறக்க முடியவில்லை. இலையில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்க, அவள் எழுத்தெழுத்தாகக் கட்டளையைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஹுதா அடித்தாள். வரவில்லை. மறுபடியும் சொன்னாள். அத்தைக்காரி பக்கத்தில் வந்து நின்று, “பெரிய ஆபீசராக்கும், சாப்பிடக்கூட விடமாட்டேங்கான்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி பெருமைப்பட்டாள். இசக்கித்தாய்க்கு முகம் சுண்டிப்போனது. அன்று கடையில் ஒரு மேட்டரும் நகரவில்லை.

மறுநாள் குருநாதன் அண்ணாச்சி அவளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். கோபம் வந்தால் சத்தத்தைக் குறைத்துப் பேசுகிற மனுஷன் அவர்.

“ஏன் பிள்ள, நான் கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்கேனா, கோயில் கட்டி வச்சிருக்கேனா? நீ வந்து நடை தொறந்தாத்தான் உள்ள போகலாம்ங்கிற மாதிரில்லா இருக்கு.”

அவர் திரும்பிச் சுவர் காலண்டரைப் பார்த்தார்.

“ஆடித்தபசு வருது. நோட்டீசு, பேனர், அன்னதானப் பத்திரிகைன்னு குமிஞ்சிரும். அதுக்குள்ள, மேட்டர் மேல ரெண்டு தட்டுத் தட்டுனா தொறக்கணும். யார் தட்டுனாலும் தொறக்கணும். இல்லன்னா கடையநல்லூர் இர்ஷாத்தக் கூப்பிட்டுப் பழையபடியே போட்டுருவேன். எனக்கு உன் லினக்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

இர்ஷாத் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். அவன் வந்தால் ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் துடைத்துப் பழைய நகலை ஏற்றிவிடுவான். அவள் சொல்லிச் செய்த ஒரே காரியம் அதோடு போய்விடும். வைரஸ் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரட்டும். அதைப்பற்றி அப்போது யார் அவளிடம் கேட்கப்போகிறார்கள்?

அன்று அவள் தன்னையே கொஞ்சம் கடுமையாகக் கேட்டுக்கொண்டாள். இந்த எடிட்டரை யாரும் திறக்கும்படி செய்ய இத்தனை மாதம் எனக்குத் தெரியாமலா இருந்தது? இல்லை, தெரிந்துகொள்ளாமல் இருந்தேனா? பதில் பிடிக்கவில்லை. பிடிக்காத பதிலோடு உட்கார்ந்துகொண்டிருக்கவும் நேரம் இல்லை.

மதியம் கடையில் ஆள் குறைகிற நேரத்தில் வேலையைத் தொடங்கினாள். சிஸ்டத்துக்கு ஒரு பொருளை அறிமுகப்படுத்தி வைக்க ஒரு சின்னக் கோப்பு எழுத வேண்டும். பெயர் என்ன, படம் எது, எந்த வகைக் கோப்பைத் திறக்கும், தட்டினால் எதை ஓட்ட வேண்டும் என்று நாலைந்து வரிகள். அதை எழுதி உரிய இடத்தில் வைத்ததும் மெனுவில் எடிட்டரின் பெயர் வந்தது. படம் வரவில்லை. படத்தின் அளவை மாற்றி வைத்தாள். வந்தது. திறந்த பிறகு மட்டும் கீழே மறுபடியும் பல்சக்கரம். ஓடுகிற ஜன்னல் தன்னை வேறொரு பெயரில் சிஸ்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் என்ன என்று கண்டுபிடித்து அதையும் அந்தக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தாள். பல்சக்கரம் போய் எடிட்டரின் பச்சைப் படம் வந்தது. அந்தச் சின்னப் பச்சையைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்டதை அருண்பாண்டியன் பார்த்துவிட்டான்.

“என்ன அக்கா, மாப்பிள போட்டோவா?”

“ஒங்க சோலியப் பாருங்க அண்ணே.”

இன்னொரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு முறை தட்டும்போதும் எடிட்டர் புதிதாக ஒரு ஜன்னல் திறந்தது. ஹுதா அப்படி வேலை செய்கிறவள் இல்லை. எல்லா மேட்டரும் ஒரே ஜன்னலில், மேலே பெயர் வரிசையாக நிற்க வேண்டும். அதற்காக இசக்கித்தாய் இடையில் ஒரு சின்ன நிரல் எழுதினாள். எடிட்டர் ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று அது பார்க்கும். திறந்திருந்தால் கோப்பின் பெயரை அதனிடம் கொடுத்துவிடும். எங்கிருந்தும் எடுத்ததில்லை. அவளே எழுதியது. சோதனைக்கு ‘test’ என்று ஒரு கோப்பை உண்டாக்கி அதன் மேல் ரெண்டு தட்டுத் தட்டினாள். திறந்தது. ‘test2’. அதே ஜன்னலில் திறந்தது.

மறுநாள் காலை எல்லாரையும் கூட்டி நிறுத்திக் காட்டினாள். பிறகு ஹுதாவைப் பார்த்து, “இனிமே என்னக் கூப்பிடாண்டாம் அக்கா. நீங்களே தட்டுங்க” என்றாள்.

ஹுதா தன் மேட்டர் ஒன்றின் மேல் தட்டினாள்.

எடிட்டர் வந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. மேலே வரிசையாகப் பெயர்கள் முளைத்துக்கொண்டே போயின. ‘சங்கர்’ என்று ஒன்று. ‘மகன்’ என்று ஒன்று. இன்னொரு ‘சங்கர்’ வராமல் முதல் ‘சங்கரே’ மறுபடி வந்து நின்றான். பிறகு ‘கரிவலம்’, ‘டயர்’, ‘கடை’, ‘திறப்பு’. அத்தனையும் வெற்றுப் பக்கங்கள்.

“யா அல்லாஹ்! மேட்டர் எங்கட்டி?” என்று ஹுதா எழுந்தே விட்டாள்.

“மேட்டர் எங்கயும் போகல. கோப்பு அங்கனதான் இருக்கு…”

“ஒரு சங்கரக் கேட்டா குடும்பத்தையே துண்டு துண்டா வெட்டிக் கொண்டாந்து நிறுத்தியிருக்கு பாருங்க அண்ணாச்சி” என்றான் அருண்பாண்டியன். குருநாதன் அண்ணாச்சி சிரிக்கவில்லை.

கோப்பின் பெயர், ‘சங்கர் மகன் சங்கர் கரிவலம் டயர் கடை திறப்பு’. கடையில் எல்லாப் பெயரும் இப்படித்தான் இருந்தன. இசக்கித்தாய்க்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. நடுவில் இடைவெளி வருகிற இடத்திலெல்லாம் பெயர் வெட்டுப்படுகிறது. கல்லூரியில் முதல் வாரமே சொல்லித் தந்தது ஒன்று நினைவுக்கு வந்தது: கோப்புப் பெயரில் இடைவெளி விடக் கூடாது. நல்ல காலம், தப்பு தன்மேல் இல்லை என்று ஆறுதலாக இருந்தது.

“பேருல இடம் விடாதீங்க அக்கா. அதான் பிரச்சினை. சேத்து எழுதுங்க. இல்லன்னா நடுவுல கீழ்க்கோடு போடுங்க.”

“கீழ்க்கோடு போட நான் இங்கிலீஷ் கீபோர்டுக்குப் போய்ட்டு வரணும். ஒரு பேருக்கு ஆறு தடவ போய்ட்டு வரவா?”

“அப்போ சின்னதா வைங்க.”

“இந்த ஊருல சங்கர்னு மட்டும் வச்சா எந்தச் சங்கர்னு நான் கண்டேன்? ஒரு நாளைக்கு எத்தன சங்கர் வாரான் தெரியுமா? சங்கர், சங்கரலிங்கம், சங்கரேஸ்வரி, அவ வீட்டுக்காரன் ஒரு சங்கர்…”

“உலகம் பூரா இப்படித்தான் அக்கா வைப்பாங்க. அதான் முறை.”

இசக்கித்தாய் ‘கோப்பின் பெயரில் இடைவெளி விடாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். ஹுதா அதைப் பார்த்துவிட்டு, சங்கர்1, சங்கர்2 என்று பெயர் வைக்க ஆரம்பித்தாள். தட்டினால் திறந்தது. கூப்பாடு நின்றது. குருநாதன் அண்ணாச்சியும், “சரி, பாப்போம்” என்றார்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. துக்க மேட்டருக்கு வரிசை கிடையாது. யார் எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாலும், இறப்பு வீட்டிலிருந்து ஆள் வந்தால் அதைத்தான் முதலில் அடிப்பார்கள். காத்திருக்கிறவர்களும் முணுமுணுக்க மாட்டார்கள். தாள் ஒட்டிய பிறகு அன்று காலையில் முதலில் வந்தது கரிவலம்வந்தநல்லூர்ச் சங்கர். டயர் கடைத் திறப்பு அழைப்பில் தேதி மாறியிருந்ததால் புதிதாக அடிக்கச் சொல்லிவிட்டுப் போனான். அவன் பின்னாலேயே பனவடலிசத்திரத்திலிருந்து இன்னொரு சங்கர் வந்தான். தகப்பனார் இறந்து பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பத்திரிகை. ஹுதா வழக்கப்படி துக்கத்தை முதலில் அடித்தாள். அது சங்கர்1. டயர் கடை சங்கர்2. அருண்பாண்டியன் இரண்டையும் சரியாகவே டிசைன் செய்து, வாடிக்கையாளர் சரிபார்ப்பதற்கு அதே பெயர்களில் புரூஃப் வைத்தான். வாட்ஸப்பில் அனுப்பியது குருநாதன் அண்ணாச்சி. முதலில் வந்தவன் டயர் கடைக்காரன், ஆகவே ஒன்று அவனுடையது என்று அவர் எடுத்துக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை. பழைய நீளப் பெயர்கள் இருந்தவரை திறந்து பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் டயர் கடைச் சங்கர். பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர்.

“அண்ணாச்சி, இந்தா இருக்காரு எங்கப்பா, பெரிய சங்கர். நல்லாப் பாத்துக்கோங்க. மூச்சு விடுதாரா?”

குருநாதன் அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சங்கர் போனை நீட்டினான். கறுப்புக் கரை போட்ட பத்திரிகை. எங்கள் அன்புத் தந்தையார் சிவபதவி அடைந்தார், இப்படிக்கு சங்கர்.

“வேற ஆளு பேருன்னு படிச்சுப் பாக்குறதுக்கு முன்னாடி எங்கம்ம அழ ஆரம்பிச்சாச்சு. திறப்பு விழாவத் தள்ளி வைங்கா. சகுனம் சரியில்லையாம். நான் ஊரெல்லாம் சொல்லியாச்சு.”

பெரியவர் நிதானமாக பெஞ்சில் உட்கார்ந்தார். “ஒரு டீ சொல்லும் வே. செத்தவனுக்கும் தாகம் எடுக்கும்லா” என்றார். அருண்பாண்டியன் சிரிப்பை அடக்க மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

அந்த நேரத்தில்தான் அண்ணாச்சியின் போன் அடித்தது. பனவடலி சங்கர். அவன் சத்தம் போடவில்லை. ஸ்பீக்கரில் இல்லாவிட்டாலும் கடை அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“அண்ணாச்சி, எங்க வீட்டுல இப்பக் கடை தொறக்குற நெலமையா இருக்கு?”

அவ்வளவுதான் கேட்டான். அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் இணைப்பு போய்விட்டது.

பைக்கில் வந்தவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிய பிறகு, யாரையும் பார்க்காமல் அவர் இர்ஷாத்துக்குப் போன் போட்டார். “இன்னைக்கே வா. எல்லாத்தையும் துடைச்சுட்டு பழசப் போடு.” போனை வைத்ததும் ஹுதாதான் முதலில் பேசினாள்.

“பேர நாந்தான் அப்படி வச்சேன் அண்ணாச்சி.”

“இல்ல,” என்றாள் இசக்கித்தாய். “வைக்கச் சொன்னது நான்.”

சுவரில் இருந்த அந்தத் தாளைக் கிழித்தெடுத்தாள். பசை ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பும் கூடவே உரிந்து வந்தது. காலையில் ஆறுதலாக இருந்த அந்த எண்ணம், தப்பு தன்மேல் இல்லை என்பது, இப்போது வாயில் கசந்தது. இடைவெளி விட்டுப் பெயர் வைக்கிற ஊருக்காகத்தான் அவள் நிரல் எழுதினாள். ஊரின் பெயரை வெட்டியது அவள் எழுதிய நிரல். அதைத் திருத்துவதை விட்டுவிட்டு ஊரைத் திருத்தப் போயிருக்கிறாள். அதுவும் புத்தகத்தைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு.

“இர்ஷாத் அண்ணன் வர்ற வரைக்கும் டைம் குடுங்க அண்ணாச்சி. அவரு வந்ததும் அவரையே தட்டிப் பாக்கச் சொல்லுங்க. தொறக்கலன்னா நானே துடைச்சுக் குடுக்கேன்.”

அண்ணாச்சி கையை அசைத்தார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், போ என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு குறுக்கு வழி தோன்றியது. கோப்பின் பெயரை, இணைய முகவரி மாதிரி மாற்றித் தரும்படி சிஸ்டத்திடம் கேட்கலாம். அதில் இடைவெளியே வராது. மாற்றிவிட்டு, “அக்கா, பழைய கோப்பு ஒண்ணத் தட்டுங்க” என்றாள். ஹுதா தட்டினாள். பெயர் வெட்டுப்படவில்லை. ஆனால் தமிழ் முழுவதும் போய், சதவீதக் குறியும் எண்ணுமாகத் திரையின் அந்தக் கோடி வரை நீண்டது. பக்கம் வெற்று.

“இதுக்கு வெட்டுனதே தேவல” என்றாள் ஹுதா.

குறுக்கு வழியைக் கைவிட்டு, தான் எழுதிய நிரலையே திரும்ப முதல் வரியிலிருந்து படித்தாள். சத்தம் போட்டுப் படித்தாள். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று ஹுதாவிடம் சொல்லிக்கொண்டே போனாள். ஹுதாவுக்கு அது புரிய வேண்டும் என்பதற்காக இல்லை. சொல்ல முடியாத வரி எதுவோ அதுதான் தனக்குத் தெரியாமல் எழுதிய வரி. மூன்றாவது வரியில் நாக்கு நின்றது. வருகிற பெயர்களை அப்படியே எடிட்டருக்குக் கொடு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வரி அப்படிச் சொல்லவில்லை. வருவதையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, இடைவெளி கண்ட இடத்தில் பிரித்துக் கொடு என்று சொன்னது. பரீட்சையில் இதே கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

வரியை மாற்றினாள். ஒவ்வொரு பெயரையும் முழுசாகக் கட்டி, வந்தபடியே எடுத்துக் கொடு. சேமித்தாள்.

“தட்டுங்க.”

டயர் கடை மேட்டர் திறந்தது. ஒரே பக்கம். மேலே முழுப்பெயர்.

‘test’ என்று இடைவெளியில்லாத பெயரை வைத்துச் சோதித்தது எவ்வளவு தப்பு என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. “அக்கா, நீங்க வச்சதுலயே மோசமான பேரச் சொல்லுங்க.”

“மோசமா? ‘சங்கர் (கறிக்கடை) ரெண்டாவது பொண்ணு சடங்கு அர்ஜெண்ட்’.”

திறந்தது.

“‘வேல்ராஜ் & பிரதர்ஸ் நூல் கடை, பழைய ரேட்’.”

திறந்தது.

அருண்பாண்டியன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். “பென் டிரைவுலருந்து தொறக்கா? அங்கனதான் வந்தவன் போனவன் பேரெல்லாம் இருக்கும்.” சொருகினான். வாட்ஸப்பில் இறக்கிய ஒன்றை, பெயர் முழுக்க எண்ணாக இருந்ததைத் தட்டினான். நாலைந்தைச் சேர்த்துப் பிடித்து ஒரே தட்டில் திறந்தான். எல்லாம் ஒரே ஜன்னலில், தன் தன் பெயரோடு வந்து நின்றன. “ம்” என்றான். அக்கா என்று சொல்லவில்லை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் அவள் ஒவ்வொன்றாக அதைப் போட்டுக்கொண்டிருந்தபோது இர்ஷாத் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான்.

“எதத் துடைக்கணும் அண்ணாச்சி?”

குருநாதன் அண்ணாச்சி இசக்கித்தாயைப் பார்த்தார். பிறகு, “மொதல்ல அதத் தட்டும்” என்றார்.

இர்ஷாத் உட்காராமலே, கண்ணில் பட்ட ஒரு கோப்பின் மேல் தட்டினான். பதினாறாம் நாள் பத்திரிகை. ‘சங்கர் பனவடலி அப்பா பதினாறு’ என்று ஹுதா அதற்குள் பெயரை மாற்றி வைத்திருந்தாள். திறந்தது. இன்னொன்று. அதுவும் திறந்தது. மெனுவில் தேடினான், இருந்தது. எடிட்டரை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரையே அணைத்து மறுபடி போட்டான். இசக்கித்தாயின் கை தானாக நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டது. திரை வந்ததும் மறுபடி தட்டினான். திறந்தது.

“நல்லாத்தானே ஓடுது. இதப் போய் எதுக்குத் துடைக்கச் சொல்லுதிய?”

அண்ணாச்சி அந்தப் பத்திரிகையை முழுதாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு அருண்பாண்டியனிடம், “இதப் பிரிண்ட் எடு. பனவடலிக்கு நானே நேர்ல கொண்டுபோய்க் குடுத்து, மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன். வாட்ஸப்பு வேண்டாம்” என்றார். சட்டைப் பையில் கண்ணாடியை வைத்துக்கொண்டே இசக்கித்தாயிடம், “இருக்கட்டும் பிள்ள. துடைக்காண்டாம்” என்றார். இவ்வளவு நடந்தபிறகு அதற்கு மேல் அவர் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் வேண்டியும் இருக்கவில்லை.

அண்ணாச்சி கிளம்பிப் போனதும் இர்ஷாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“தங்கச்சி, எங்க ஊருல ரெண்டு மூணு கடையில இதே எடிட்டர வச்சுக்கிட்டுத் திண்டாடுதாங்க. இந்தப் பச்சப் படம், ரெண்டு தட்டு, ஒரே ஜன்னல் எல்லாத்தையும் அங்கயும் போட முடியுமா? காப்பி பண்ணிக்கிடவா?”

பென் டிரைவை எடுத்து நீட்டினான். இசக்கித்தாய் அதை வாங்கவில்லை. புதிதாக ஒரு கோப்பைத் திறந்து, கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“காப்பி அப்புறம் பண்ணலாம்ணே. மொதல்ல அந்தக் கடையில பேரு எப்படி வைக்காங்கன்னு சொல்லுங்க.”

“பேரா? பேரு என்ன, சாதாரணப் பேருதான்.”

“அண்ணே,” என்றாள் ஹுதா திரும்பாமலே, “சாதாரணப் பேருன்னு அவகிட்டச் சொல்லாதீங்க. நம்ம ஊருல எத்தன முகம்மது ஹுசைன் இருக்காங்கன்னு சொல்லுங்க.”

இர்ஷாத் யோசித்து, விரலை மடக்கினான். “முகம்மது ஹுசைன், பேட்டை. முகம்மது ஹுசைன் சவுதி. அவரு மருமகன் ஒரு முகம்மது ஹுசைன். அப்புறம் அரபு எழுத்துலயே பேரு வச்சு அனுப்புறவங்க இருக்காங்க. அது வலப்பக்கத்துலருந்து வரும்.”

“அதையும் சொல்லுங்க” என்றாள் இசக்கித்தாய். “மெதுவாச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா வச்சுத் தட்டிப் பாக்கணும்.”